ஆடிப் பண்டிகைச் சட்டை: ஸ்டென்சில் படம் எங்கே பிசகியது, எப்படிச் சரிசெய்வது

ஆடி முதல் தேதி தேங்காய் சுட்டு முடித்த கையோடு சேலத்தில் பண்டிகைப் பேச்சு தொடங்கிவிடும். கோட்டை மாரியம்மனுக்குத் திருவிழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு என்றைக்கு, குகைப் பகுதியில் சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வலம் வரும் வண்டி வேடிக்கை என்றைக்கு என்று விசாரிக்கும்போதே, எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட வேண்டும் என்ற யோசனையும் வந்துவிடும். ஐம்பது சட்டை என்றால் அச்சடிக்கும் கடைக்குக் கொடுத்துவிடலாம். அண்ணன் தம்பி குடும்பங்களுக்கு ஆறோ ஏழோ சட்டை என்றால், ஸ்டென்சில் (படத்தின் வடிவை வெட்டியெடுத்த ஷீட்) வெட்டி, அதன் வழியாக ஃபேப்ரிக் பெயின்ட் வைத்து வீட்டிலேயே செய்துகொள்வதுதான் தோது. மஞ்சள் டீ-ஷர்ட்டில் சிவப்புச் சூலம், பக்கத்தில் பச்சை வேப்பிலைக் கொத்து, அடியில் தெருப்பெயர். இவ்வளவுதான் படம்.

செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தச் சின்னப் படமே எத்தனை விதமாகப் பிசகும் என்று. பிசகியதும் பெயின்ட்டைத்தான் முதலில் குறை சொல்கிறோம். பெயின்ட் மேல் தப்பு இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பெயின்ட்டை அதிகமாக எடுத்திருப்போம், இல்லையென்றால் துணியைத் தயார் செய்யாமல் விட்டிருப்போம். எது என்பதைச் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கீழே ஒவ்வொரு குறையாக எழுதியிருக்கிறேன். உங்கள் சட்டையில் எது தெரிகிறதோ அதற்கு நேராகப் போங்கள். அதற்குள் சட்டையை வீட்டுத் துடைப்புத் துணியாக்கிவிடாதீர்கள். இவற்றில் பாதிக்கு மேல் சரிசெய்யக்கூடியவை.

ஓரம் கசிந்து, கோடு பிசிறடித்திருக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஸ்டென்சிலைத் தூக்கினால் சூலத்தின் முனை கூராக இல்லை, இலையின் ஓரம் தடித்துத் தெரிகிறது. கசிவு எல்லாம் ஒன்றல்ல. எந்த மாதிரிக் கசிந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பாருங்கள்.

சுற்றிலும் ஒரே அளவில், நூல் போகும் திசையில் மயிர் மயிராக ஓடியிருந்தால் பெயின்ட் நீர்த்திருக்கிறது. பாட்டிலில் கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், அல்லது ஸ்பாஞ்சைக் கழுவிவிட்டு ஈரத்தோடு தொட்டிருப்பீர்கள். பருத்தி நூல் தண்ணீரைத் தானாகவே இழுக்கும். அந்தத் தண்ணீரோடு நிறமும் ஸ்டென்சிலுக்கு அடியில் போய்விடும். பெயின்ட்டை இளக்க வேண்டுமென்றால் அதே கம்பெனி விற்கும் மீடியத்தை (பெயின்ட்டை இளக்கும் நிறமில்லாத திரவம்) சில சொட்டு சேருங்கள், தண்ணீர் வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் கசிந்திருந்தால், பிரஷ்ஷை அந்தப் பக்கமாகத் தள்ளி இழுத்திருக்கிறீர்கள், அல்லது அந்த இடத்தில் ஷீட் துணியோடு ஒட்டாமல் எழும்பி நின்றிருக்கிறது. மூலைகளில் மட்டும் திட்டுத் திட்டாகத் தேங்கியிருந்தால் ஒரே தடவையில் அளவுக்கு மீறி ஏற்றியதன் விளைவு. கோடு இரட்டையாகத் தெரிந்தால் அது கசிவே இல்லை. இரண்டாவது பூச்சுக்கு முன் ஷீட் நகர்ந்திருக்கிறது.

கசிவுக்கு முதல் மருந்து, பெயின்ட் எடுக்கும் விதத்தில் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்சு புதிதாக ஒன்று வாங்கி, விரல்களுக்குள் பிடிக்கும் அளவில் சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் பெயின்ட்டைக் கொஞ்சம் ஊற்றி, காய்ந்த ஸ்பாஞ்சால் தொடுங்கள். தொட்டதும் துணிக்குக் கொண்டு போகக்கூடாது. பழைய செய்தித்தாளில் ஒற்றி ஒற்றி எடுங்கள். தாளில் ஈரப் பளபளப்பு தெரியாமல், நிறம் மட்டும் மங்கலாகப் பதியும் வரை ஒற்ற வேண்டும். இதற்குமேல் இதில் பெயின்ட்டே இல்லை என்று உங்களுக்குத் தோன்றும். அந்த நிலைதான் சரி. அப்புறம் நேர் மேலிருந்து கீழாக, நெற்றியில் சந்தனம் வைப்பது போல ஒற்றுங்கள். தேய்க்கவே கூடாது. முதல் பூச்சு வெளிறித்தான் இருக்கும். பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. மூன்று மெல்லிய பூச்சு தரும் அழுத்தமான நிறத்தை ஒரு தடித்த பூச்சால் தர முடியாது.

ஸ்டென்சில் ஷீட்டையும் கவனியுங்கள். ஓ.எச்.பி. ஷீட், பழைய எக்ஸ்ரே ஃபிலிம், பிளாஸ்டிக் ஃபைல் கவர் எல்லாமே நன்றாக வெட்டுப்படும். ஆனால் துணியோடு ஒட்டாது. சுற்றிலும் டேப் போட்டாலும் நடுவில் இருக்கும் மெல்லிய பாகங்கள் எழும்பிக்கொண்டுதான் நிற்கும். நுணுக்கமான படம் என்றால் பின்பக்கம் பசை உள்ள ஸ்டிக்கர் ஷீட்டே மேல். வண்டிக்கு நம்பர் ஒட்டும் கடைகளில் மெஷினிலேயே வெட்டித் தருவார்கள். எழுத்தை உரித்தெடுத்த பிறகு மிஞ்சும் வெளிப்பாகம்தான் நமக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு எழுத்தை மட்டும் பத்திரமாகக் கொடுப்பார்கள்.

ஷீட்டைத் துணியில் அழுத்தியதும் ஒரு காரியம் செய்து பாருங்கள். சிவப்பைத் தொடும் முன், துணியின் நிறத்திலேயே உள்ள பெயின்ட்டையோ, நிறமில்லாத மீடியத்தையோ வெட்டின ஓரங்களில் மட்டும் மெல்லிசாக ஒற்றிக் காய விடுங்கள். ஓரத்தில் எங்கேயாவது சந்து இருந்தால் அதில் இது போய் அடைத்துக்கொள்ளும். கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் வைக்கும் சிவப்புக்குப் போக வழியே இருக்காது. இந்த ஒரு வேலைக்காக நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செலவழிப்பேன். கடையில் அச்சடித்ததா, வீட்டில் செய்ததா என்று ஆள் திகைப்பது இந்த ஓரத்தைப் பார்த்துத்தான்.

ஏற்கெனவே கசிந்துவிட்டதா? ஈரமாக இருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, வெளியிலிருந்து படத்தை நோக்கித் தள்ளித் துடையுங்கள். காய்ந்துவிட்டால் அழிக்கப் பார்க்க வேண்டாம். கறுப்பு அல்லது தங்க நிற அவுட்லைனர் ட்யூபால் படத்தைச் சுற்றி ஒரு கோடு ஓட்டினால் கசிவு கோட்டுக்குள் போய்விடும். சூலத்துக்குத் தங்கக் கோடு அழகாகவே இருக்கும்.

நிறம் முதுகுப்பக்கம் வரை போய், சட்டை தனக்குத்தானே ஒட்டிக்கொண்டது

உள்ளே அட்டை வைக்கவில்லை. பழைய காலண்டர் அட்டை போதும். அதன்மேல் பாலித்தீன் கவர் சுற்றி, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் செருகுங்கள். டீ-ஷர்ட்டை அட்டைமேல் இறுக்கி இழுத்து மாட்டக்கூடாது. இழுத்த நிலையில் வரைந்தால் அட்டையை உருவியதும் துணி சுருங்கி, படமும் சுருக்கம் விழும். ஒட்டிப்போன சட்டையை, ஈரம் இருக்கும்போதே மெதுவாகப் பிரித்து, பின்பக்கத்தை மட்டும் குழாயடியில் காட்டுங்கள்.

எழுத்தின் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு, படிக்கவே முடியவில்லை

ஸ்டென்சில் வெட்டும்போது ‘க’வின் நடுவில் இருந்த துண்டு கழன்று விழுந்துவிட்டது, அந்த இடமும் சேர்ந்து நிறமாகிவிட்டது. ஆங்கில எழுத்துக்குச் செய்த ஸ்டென்சிலைப் பார்த்துவிட்டு நம் எழுத்தை அப்படியே வெட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். அங்கே ஏ, ஓ, பி என்று சில எழுத்துக்குத்தான் நடுவில் மூடிய வெளி உண்டு. நமக்கு க, ச, ல, வ, ம, கொம்பு என்று தொட்டதெல்லாம் சுழி. ‘சேலம்’ என்று எழுதிப் பாருங்கள், சுழி இல்லாமல் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் விட வேண்டும். சுழியின் நடுத்துண்டை வெளிப்பாகத்தோடு சேர்த்துப் பிடிக்கும் சின்னப் பட்டை அது. இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வெட்டும்போதே அறுந்துவிடும், மூன்று இருந்தால் நிம்மதி. பாலத்தை எங்கே வைப்பது என்பதில்தான் கைத்திறமை. எழுதும்போது பேனா திரும்பும் இடத்தில் வைத்தால் கண் அதை இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளாது. நேர்க்கோட்டின் நடுவில் வைத்தால் எழுத்து உடைந்ததாகத் தெரியும். கணினியிலிருந்து மெலிந்த எழுத்துருவை அச்செடுத்து வெட்டாதீர்கள். சினிமா போஸ்டர்களில் வருகிற தடித்த எழுத்தை எடுத்துக்கொண்டால் பாலத்துக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். எழுத்தின் உயரம் நாலு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கையால் வெட்டுவது வீண் சிரமம்.

கோலத்தைச் சட்டையில் போட ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே சிக்கல், இன்னும் கடுமையாக. சிக்குக் கோலத்தில் கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைத்து மூடிக்கொண்டு போகிறது. அப்படியே வெட்டினால் ஷீட்டில் எதுவுமே மிஞ்சாது. கம்பி ஒன்றை ஒன்று வெட்டும் ஒவ்வொரு சந்திப்பிலும், அடியில் போகும் கம்பியை இரண்டு பக்கமும் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள். பாலமும் ஆயிற்று, ஒரு கம்பி மேலேயும் மற்றது கீழேயும் போகிற தோற்றமும் வந்தது. பூக்கோலம் என்றால் இந்தத் தொல்லை இல்லை, இதழ் இதழாகத் தனித்தனியாக வெட்டிவிடலாம்.

பாலம் அறுந்துபோன ஷீட்டை வீணாக்க வேண்டாம். மேலும் கீழும் செல்லோ டேப் ஒட்டி, மிச்சத்தை பிளேடால் நறுக்கிவிட்டால் மறுபடி உழைக்கும். சட்டையில் ஏற்கெனவே அடைத்துக்கொண்ட சுழியை, துணியின் நிறத்தில் பெயின்ட் கலந்து நுனி பிரஷ்ஷால் இரண்டு தடவை தொட்டுத் திறந்துவிடலாம். மஞ்சளாக இருந்தால், கொஞ்சம் வெள்ளை சேர்த்துக் கலந்தால்தான் அடியிலுள்ள சிவப்பை மறைக்கும்.

சிவப்புத் துணியில் மஞ்சள் வைத்தால் மஞ்சளே தெரியவில்லை

மஞ்சள் பெயின்ட்டுக்கு மறைக்கும் சக்தி குறைவு. அடர்ந்த துணியில் வைத்ததும் அழுக்காகத் தெரியும், காய்ந்தால் இன்னும் உள்வாங்கிவிடும். மேலே மேலே மஞ்சளை ஏற்றிப் பயனில்லை. முதலில் அதே ஸ்டென்சில் வழியாக வெள்ளையை இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். நன்றாகக் காய்ந்த பின், ஷீட்டை நகர்த்தாமல் அதன்மேல் மஞ்சள். கறுப்புத் துணிக்கும் கருநீலத்துக்கும் இதே வழிதான். முத்துப் பளபளப்புள்ள பெயின்ட்டுகள் அடர்ந்த துணியில் ஓரளவு தாமாகவே எடுபடும்.

இஸ்திரி போட்டதும் வெள்ளைப் படம் ரோஸ் நிறமாகிவிட்டது

இரண்டு காரணம் இருக்கலாம், வேறுபடுத்திப் பார்ப்பது சுலபம். சட்டையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, கொறட்டால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்தால் கலப்புத் துணி.

பாலியஸ்டராக இருந்தால், அதற்குப் போட்ட சாயம் சூட்டில் ஆவியாகி எழும்பி பெயின்ட்டுக்குள் ஏறிவிடும். சிவப்பில் இது அதிகம். இதைத் திரும்ப வெளுக்க முடியாது. அடுத்த சட்டைக்கு இஸ்திரிச் சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அல்லது வெள்ளையை விட்டுவிட்டு, ரோஸ் ஏறினாலும் தெரியாத நிறமாகத் தேர்ந்தெடுங்கள். பருத்தியாக இருந்தால் சாயம் போகிற துணி. ஒரு வெள்ளைத் துண்டை நனைத்து உள்மடிப்பில் அழுத்தித் தேய்த்தால் சிவப்பு ஒட்டிக்கொண்டு வரும். படம் போடுவதற்கு முன்பே, தண்ணீர் தெளிவாக வரும் வரை இரண்டு மூன்று தடவை அலசியிருக்க வேண்டும். ரோஸாகிப்போன பருத்திச் சட்டையில், நன்றாகக் காய்ந்த பின் அதே ஸ்டென்சிலை அதே இடத்தில் பொருத்தி, இன்னொரு மெல்லிய வெள்ளை ஒற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதல் துவைப்பிலேயே படம் போய்விட்டது

போன விதத்தைப் பாருங்கள். தோல் உரிகிற மாதிரி துண்டு துண்டாகக் கழன்றதா? அல்லது படம் இருக்கிறது, நிறம் மட்டும் தேய்ந்து வெளிறியதா?

துண்டாகக் கழன்றால் பெயின்ட் நூலுக்குள் இறங்கவே இல்லை, மேலாகவே உட்கார்ந்திருந்தது. தடுத்தது துணியின் மேல் இருந்த பூச்சு. கைத்தறியிலோ விசைத்தறியிலோ நெய்த துணியில் அது கஞ்சி. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தறியில் அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி போட்டுத்தான் நெய்கிறார்கள் என்பது தறிகள் நிறைந்த அம்மாப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஊர் ஜவ்வரிசி ஆலைகளுக்கு வரும் அதே மரவள்ளிக் கிழங்கின் மாவும் இந்தக் கஞ்சிக்குப் போகிறது. நெய்த சட்டையோ, வெளுக்காத காடா துணியில் தைத்த குர்த்தாவோ புதிதாக மொடமொடவென்று இருக்கிறது என்றால் கஞ்சி இன்னும் அதில் இருக்கிறது என்று அர்த்தம். திருப்பூரிலிருந்து வரும் பின்னலாடை டீ-ஷர்ட்டில் கஞ்சி இருக்காது. ஆனால் கை வைத்தால் வழவழவென்று இருப்பதற்காக ஒரு மென்மையூட்டி ஏற்றியிருப்பார்கள். கஞ்சியாவது தண்ணீரில் கரையும். இது தண்ணீரையே ஒட்டவிடாது.

ஆகவே எந்தத் துணியானாலும் புதிதாக இருந்தால் ஒரு முறை வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துத் துவைத்துக் காய வையுங்கள். வாசனைக்காக ஊற்றும் கம்ஃபர்ட் போன்ற எதையும் கடைசி அலசலில் சேர்க்க வேண்டாம், அதுவும் அதே வழவழப்பைத் திரும்பக் கொண்டுவரும். காய்ந்த பின் படம் வரப்போகும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே பரவி உறிஞ்சிக்கொண்டால் துணி தயார். முத்தாக உருண்டு நின்றால் இன்னொரு முறை துவைக்க வேண்டும். இவ்வளவு சின்னச் சோதனைதான், ஆனால் பண்டிகை முடிந்து வரும் புகார்களில் பெரும்பகுதியை இது முன்கூட்டியே தீர்த்துவிடும்.

நிறம் தேய்ந்து வெளிறியிருந்தால் துணி மேல் குறை இல்லை, சூடு போதவில்லை. ஃபேப்ரிக் பெயின்ட்டில் நிறத்தோடு அக்ரிலிக் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் வற்ற வற்ற அந்தத் துகள்கள் நெருங்கி ஒன்றோடு ஒன்று சேர்ந்து நூலைச் சுற்றி ஒரு படலமாகின்றன. இஸ்திரிச் சூடு அந்தப் படலத்தை முழுமையாக்கி இறுக்குகிறது. தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது, மேல்தோல்தான் காய்ந்திருக்கும். ஒரு முழு நாள் விடுங்கள். அதன்பின் சட்டையை உள்பக்கம் திருப்பி, நீராவி இல்லாமல், பருத்திக்கான சூட்டில் படம் இருக்கும் இடத்தை மூன்று நான்கு நிமிஷம் தேயுங்கள். பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்பக்கமும் ஒரு முறை தேய்க்க விரும்பினால் மேலே மெல்லிய வேட்டித் துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் மூன்று நாள் கழித்தே தண்ணீரைக் காட்டலாம். பாட்டிலில் வேறு கணக்கு அச்சிட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

தெருவில் தள்ளுவண்டியில் கரிப்பெட்டியால் தேய்க்கும் அண்ணனிடம் கொடுத்தாலும் வேலை நடக்கும். “உள்பக்கம் மட்டும் தேய்ச்சுக் குடுங்கண்ணா, படத்து மேல பெட்டி படக்கூடாது” என்று சொல்லிக் கொடுங்கள். கலப்புத் துணியாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், கரிச்சூட்டுக்கு பாலியஸ்டர் தாங்காது.

நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் துவைக்க, வரைய, காய, தேய்க்க, அப்புறம் காத்திருக்க என்று ஒரு வாரம் ஆகிறது. தேங்காய் சுட்ட அடுத்த நாளே துணியை ஊறப்போட்டுவிட்டால் எந்த நெருக்கடியும் வராது. பொங்கல் வைக்கும் நாளுக்கு முந்தின இரவில் உட்கார்ந்தால் மேலே சொன்ன எல்லாமே ஒன்றாக நடக்கும்.

இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது

சேலத்தில் இது அரிதாகத்தான் வரும், ஏற்காட்டில் வரும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஆடி ஆவணியில் பனிமூட்டம் வீட்டு ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துபோகும் ஊர் அது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது பெயின்ட்டிலிருக்கும் தண்ணீர் போக இடமில்லை. குளிரும் சேர்ந்தால் அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடு ஒன்று சேர மறுக்கும். கொடியில் தொங்கவிட்டு நாள் கணக்கில் காத்திருந்து பிரயோஜனம் இல்லை. சமையலறையில் அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, அல்லது எரிகிற குண்டு பல்ப் உள்ள அறையில் விரித்துப் போடுங்கள். தலை உலர்த்தும் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டுக் காட்டலாம். பூச்சு மெல்லிசாக இருந்தால் ஏற்காட்டிலும் ஒரு நாளில் காய்ந்துவிடும், தடித்த பூச்சுதான் மாட்டிக்கொள்ளும். மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கிற படத்தை அவசரப்பட்டு இஸ்திரி போட்டால் கொப்புளம் கிளம்பும்.

கீழே சேலத்தில் தொல்லை நேர் எதிர். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மொட்டை மாடியில் விரித்து வரைந்தால் ஷீட் படபடக்கும், ஈரப் பெயின்ட்டில் புழுதி வந்து ஒட்டும், ஸ்பாஞ்சிலிருக்கும் பெயின்ட் நிமிஷத்தில் காய்ந்து பொடிப்பொடியாகப் படத்தில் உதிரும். வீட்டுக்குள் காலை வேளையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பெயின்ட்டை ஒரு ஸ்பூன் அளவு மட்டும் தட்டில் ஊற்றி, முடிந்ததும் அடுத்ததை ஊற்றுங்கள். பொடி ஒட்டிய இடத்தைக் காய்ந்த பின் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

படம் அட்டையாட்டம் விறைத்து, போட்டதும் விரிசல் விடுகிறது

தடிமன்தான் காரணம். டீ-ஷர்ட் இழுபடும், தடித்த படலம் இழுபடாது. ஏற்கெனவே விறைத்த படத்தை உள்பக்கமாக நன்றாகத் தேய்த்து, சூடு ஆறும் முன் கையால் கசக்கிவிட்டால் ஓரளவு இளகும். அடுத்த சட்டையில் பெரிய நிரப்பலைத் தவிர்த்துப் படத்தை உடைத்து அமையுங்கள். சூலத்தை முழுச் சிவப்பாக அடைப்பதைவிட, இடையிடையே துணி தெரியும்படி வேப்பிலைக் கொத்தாக விட்டால் போட்டுக்கொள்ளவும் சுகம், வண்டி வேடிக்கைக் கூட்டத்தில் வியர்த்துக் கசங்கினாலும் விரிசல் விழாது.

படம் வயிற்றில் போய் உட்கார்ந்திருக்கிறது

மேசைமேல் விரித்த சட்டையில் சரியாகத் தெரியும் இடம், ஆள் போட்டதும் கீழே இறங்கிவிடும். கழுத்துப் பட்டைக்கு நாலு விரல் கீழே படத்தின் மேல்விளிம்பு வர வேண்டும், குழந்தைகளுக்கு இரண்டு விரல். சட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்துவிட்டால் நடுக்கோடு கிடைத்துவிடும். இறங்கிப்போன படத்துக்கு மேலே தெருப்பெயரை எழுதிச் சமன்செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

படத்துக்கு வெளியே ஒரு துளி விழுந்துவிட்டது

ஈரத்தில் கவனித்தால், துணியின் அடியிலிருந்து தண்ணீரை வேகமாக விட்டு, சோப்பு போட்டு அலசினால் போய்விடும். மேலே வைத்துத் தேய்த்தால் பரவும். காய்ந்திருந்தால், ஆல்கஹால் கலந்த கை சானிடைசரைச் சொட்டு சொட்டாக விட்டு ஊறவைத்து, இளகியதும் பழைய பல் பிரஷ்ஷால் எடுத்துப் பாருங்கள். சாயம் போகுமா என்று முதலில் உள்மடிப்பில் சோதித்துக்கொள்ளுங்கள். இஸ்திரி போட்டுவிட்ட துளி கிட்டத்தட்ட நிரந்தரம். அப்போது ஒரு ஒற்றை வேப்பிலை ஸ்டென்சில் வெட்டி அந்தத் துளிமேல் ஒன்று, தோளருகே ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று வைத்துவிடுங்கள். கொத்திலிருந்து உதிர்ந்த இலைகளாகிவிடும். எனக்கு உண்மையில் இந்த உதிரி இலைகள் உள்ள சட்டைதான் அதிகம் பிடிக்கும். துளி விழாத சட்டைக்கும் வேண்டுமென்றே வைக்கிறேன்.

மஞ்சள் நீராட்டுக்குப் பிறகு சட்டை

வெள்ளையில் படம் போட்டவர்களுக்கான பகுதி இது. பண்டிகையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய சட்டையை அப்படியே சோப்பில் போட்டால் கறை திடீரென்று செந்நிறமாகும். பயப்பட வேண்டாம். மஞ்சள், சோப்பில் இருப்பது போன்ற காரத்தைத் தொட்டால் சிவக்கும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதை வைத்துத்தான். நன்றாக அலசி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒரு தடவை முக்கினால் பழையபடி மஞ்சளுக்குத் திரும்பும். மிச்சக் கறையை வெயில் எடுத்துவிடும். மஞ்சளின் நிறத்துக்கு வெளிச்சம் ஆகாது. ஈரத்தோடு, கறை உள்ள பக்கம் மேலே தெரியும்படி சேலத்து வெயிலில் இரண்டு மூன்று பகல் காய வைத்தால் வெள்ளைத் துணியிலும் கறை மறைந்துவிடும். அக்ரிலிக் படத்துக்கு இந்த வெயிலால் கெடுதல் இல்லை. சாயம் போட்ட சட்டை என்றால் அத்தனை நேரம் வெயிலில் விட வேண்டாம், துணி நரைத்துவிடும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். அப்புறம் எப்போதும் உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில், படத்தின்மேல் பிரஷ் போடாமல் கையால் கசக்கித் துவையுங்கள். கல்லில் அடித்துத் துவைக்கிற வீடு என்றால் இந்தச் சட்டையை மட்டும் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.